மொய் நோட்டிலிருந்து முகவரிச் சீட்டு வரை

முகூர்த்த நாளில் உசிலம்பட்டிச் சாலைப் பக்கம் ஒரு கல்யாண மண்டபத்துக்குள் நுழைந்தால், வாசலை ஒட்டி ஒரு மேசை போட்டிருக்கும். முன்பெல்லாம் அங்கே நீள நோட்டும் பேனாவுமாக இருவர் உட்கார்ந்திருப்பார்கள். ஒருவர் பணத்தை எண்ணிப் பையில் போடுவார். மற்றவர் ஊர், பெயர், தொகை என்று எழுதுவார். இப்போது பல மண்டபங்களில் அந்த இடத்தில் மடிக்கணினியும் சிறிய பிரிண்டரும் இருக்கின்றன. மதுரை, தேனி, திண்டுக்கல் வட்டாரத்தில் இதற்குக் ‘கம்ப்யூட்டர் மொய்’ என்றே பெயர். மொய் செய்தவருக்கு உடனே ரசீது கிடைக்கிறது. விசேஷம் முடிந்ததும் வீட்டுக்காரரிடம் ஊர்வாரியாக அடுக்கிய பட்டியல் ஒன்று வந்து சேர்கிறது.

அடுத்த விசேஷத்துக்கு யார் யாருக்குப் பத்திரிகை வைக்க வேண்டும் என்று வீட்டில் பேச்சு எழும்போது, முதலில் எடுத்துப் பார்ப்பது இந்தப் பட்டியலைத்தான். செய்முறை செய்தவரை விட்டுவிட்டால் அது உறவில் தங்கிவிடும். அதனால் முகவரிச் சீட்டு அச்சிடும் வேலையை வேர்டைத் திறப்பதில் இருந்து தொடங்காமல், மொய்ப் பட்டியலை எடுத்து வைப்பதில் இருந்து தொடங்குவது நல்லது. அச்சிடும் வேலை அரை மணி நேரத்தில் முடிந்துவிடும். பட்டியலைச் சரிசெய்யத்தான் பல மாலைகள் பிடிக்கும். அதில் செலவழிக்கும் நேரம் வீணாகாது, ஏனென்றால் அதே பட்டியல் காதுகுத்துக்கும் புதுமனை புகுவிழாவுக்கும் திரும்பத் திரும்ப உதவும்.

மொய்ப் பட்டியலில் ஒரு குறை உண்டு. ஊரும் பெயரும் இருக்கும். தெருவும் கதவு எண்ணும் பின்கோடும் இருக்காது. மொய் எழுதுபவருக்கு அவை தேவைப்படுவதில்லை, தபால்காரருக்கு அவை இல்லாமல் ஆகாது. எனவே வீட்டுப் பெரியவர்களைப் பக்கத்தில் உட்காரவைத்து ஒவ்வொரு பெயருக்கும் முகவரி கேட்டு நிரப்ப வேண்டும். அப்போதே இன்னொரு கேள்வியையும் கேட்டுவிடலாம்: இந்தப் பத்திரிகை நேரில் வைக்க வேண்டியதா, தபாலில் போகலாமா? தாய்மாமனுக்கும் சம்பந்தி வீட்டாருக்கும் வெற்றிலை பாக்கோடு நேரில்தான் வைக்க வேண்டும். அந்த உறைகளில் பெயரைக் கையால் எழுதுவதே முறை. சென்னையிலும் கோவையிலும் மும்பையிலும் இருக்கிறவர்களுக்குத் தபால். ‘நேர்’, ‘தபால்’ என்று ஒரு தனிக் கட்டம் வைத்துக்கொண்டால், பிறகு தபால் பெயர்களை மட்டும் வடிகட்டி அச்சிட வேர்டே உதவும்.

கட்டங்களை நாமே வகுப்பது

வேர்டில் புதிய முகவரிப் பட்டியல் உருவாக்கச் சொன்னால் அது ஒரு படிவத்தை நீட்டும். பட்டம், முதல் பெயர், கடைசிப் பெயர், நிறுவனம், முகவரி வரி ஒன்று, இரண்டு, நகரம், மாநிலம், ஜிப் கோடு என்று கட்டங்கள் இருக்கும். குடும்பப் பெயர் உள்ள ஊர்க்காரர்களுக்கு அது பொருந்தும். 1916இல் மதுரையில் பிறந்த எம்.எஸ். சுப்புலட்சுமியின் பெயரை அதில் எப்படி நிரப்புவது? எம் என்பது மதுரை. எஸ் என்பது தாயார் சண்முகவடிவு. ஊரும் தாயும் முன்னெழுத்தாக நிற்கும் பெயரில் ‘கடைசிப் பெயர்’ என்று எதுவும் இல்லை. அந்தப் படிவத்தோடு மல்லுக்கட்ட வேண்டாம். எக்செல்லிலோ லிப்ரே ஆபீஸ் கால்க்கிலோ சொந்தமாகப் பட்டியல் போட்டுக்கொள்வதே நல்ல வழி.

முதல் கட்டம் மரியாதைச் சொல்: திரு., திருமதி, உயர்திரு, டாக்டர். இரண்டாவது, முன்னெழுத்தும் பெயரும் சேர்ந்த முழுப் பெயர். ‘குடும்பத்தார்’ என்று சேர்க்க வேண்டியிருந்தால் அதற்கு ஒரு கட்டம். பிறகு கதவு எண், தெரு, பகுதி அல்லது ஊர், ‘வழி’ அல்லது ‘அஞ்சல்’, வட்டமும் மாவட்டமும், பின்கோடு. நேர்-தபால் கட்டம் கடைசியில் இருக்கட்டும். முதல் வரிசையில் இந்தத் தலைப்புகள் மட்டுமே வர வேண்டும். அதற்கு மேலே ‘பிள்ளையார் சுழி’யோ ‘திருமணப் பட்டியல்’ என்ற பெரிய தலைப்போ எழுதினால், வேர்டு அதையே கட்டத்தின் பெயராக எடுத்துக்கொள்ளும்.

கதவு எண்தான் அதிகமாகக் காலை வாரும் கட்டம். 12/4 என்று தட்டினால் எக்செல் அதைத் தேதி என்று நினைத்து ஏப்ரல் 12 ஆக்கிவிடும். அச்சில் கதவு எண் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு தேதி வந்து நிற்கும். தட்டச்சு தொடங்கும் முன்பே அந்தக் கட்டம் முழுவதையும் தேர்ந்தெடுத்து, அதன் வகையை ‘டெக்ஸ்ட்’ என்று மாற்றிவிட வேண்டும். ஏற்கெனவே தேதியாகிவிட்டதைப் பிறகு டெக்ஸ்ட் ஆக்கினால் 45759 போன்ற ஐந்திலக்க எண்தான் மிஞ்சும். எக்செல் தேதிகளை உள்ளே அப்படித்தான் வைத்திருக்கிறது. அந்த எண்களைத் திரும்பத் தட்டுவதே எளிய வழி. பழைய எண், புதிய எண் இரண்டும் புழங்கும் தெருக்களில் ‘பு.எண் 12, ப.எண் 4’ என்று எழுத்தோடு சேர்த்துத் தட்டிவிட்டால் இந்தத் தொல்லையே வராது.

பின்கோடுக்கும் அதே மருந்துதான். ஒருவர் 625001 என்றும் இன்னொருவர் 625 001 என்று இடைவெளி விட்டும் தட்டியிருந்தால், முதலாவது எண், இரண்டாவது எழுத்துத் தொடர் என்று எக்செல் கொள்ளும். வேர்டு இந்தப் பட்டியலைப் படிக்கும்போது முதல் சில வரிசைகளைப் பார்த்துவிட்டு, கட்டம் முழுவதும் எந்த வகை என்று முடிவு செய்கிறது. அதில் சேராதவை வெற்றிடமாகவோ சுழியமாகவோ வெளிவரும். நூறு சீட்டுகள் சரியாக இருந்து நடுவில் நான்கில் மட்டும் பின்கோடு காணாமல் போனால், காரணம் பெரும்பாலும் இதுதான்.

தெருப் பெயரில் மதுரைக்கென்று ஒரு தனிக் கவனம் வேண்டும். மீனாட்சியம்மன் கோயிலைச் சுற்றிச் சித்திரை, ஆவணி மூலம், மாசி, மாரட், வெளி என்று வீதிகள் அடுக்கடுக்காகச் சூழ்ந்திருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் கீழ, மேல, தெற்கு, வடக்கு என்று திசைப் பெயர் உண்டு. ‘மாசி வீதி’ என்று மட்டும் எழுதினால் நான்கு பக்கத்தில் எந்தப் பக்கம் என்று தெரியாது. ஒரே வீதியைப் பட்டியலில் ஓரிடத்தில் ‘கீழ மாசி வீதி’, இன்னோரிடத்தில் ‘கி.மா. வீதி’, மற்றோரிடத்தில் ‘ஈஸ்ட் மாசி ஸ்ட்ரீட்’ என்று எழுதினால் அகர வரிசைப்படுத்தும்போது மூன்றும் மூன்று இடத்தில் போய் நிற்கும்; ஒரே வீட்டுக்கு இரண்டு பத்திரிகை போவதும் கண்ணில் படாது.

ஊர்ப் பெயரின் முன்னெழுத்தை ஒருபோதும் வெட்டக் கூடாது. மதுரை மாவட்டத்தில் டி. கல்லுப்பட்டி இருக்கிறது, எம். கல்லுப்பட்டியும் இருக்கிறது. தேனி மாவட்டத்துக்குப் போனால் ஜி. கல்லுப்பட்டி. பட்டியலைச் ‘சுத்தம்’ செய்கிறேன் என்று யாராவது அந்த ஓரெழுத்தையும் புள்ளியையும் நீக்கிவிட்டால், பத்திரிகை முகூர்த்தம் முடிந்த பிறகும் ஊர் ஊராகச் சுற்றிக்கொண்டிருக்கும்.

இந்தக் குழப்பத்தைத் தீர்க்கத்தான் 1972 ஆகஸ்ட் 15 அன்று பின்கோடு வந்தது. மத்திய தகவல் தொடர்பு அமைச்சகத்தில் அதிகாரியாக இருந்த ஸ்ரீராம் பிகாஜி வேலாங்கர் அதை வகுத்தார். ஒரே பெயரில் பல ஊர்கள், ஒரே ஊருக்குப் பல மொழிகளில் பல எழுத்துக்கூட்டல்கள் என்ற சிக்கலுக்கு ஆறு இலக்கங்களில் விடை சொன்னார். முதல் இலக்கம் மண்டலத்தைக் குறிக்கும். தமிழ்நாடும் கேரளமும் 6இல் வருகின்றன. முதல் மூன்றும் சேர்ந்து, தபாலைப் பிரிக்கும் மாவட்டத்தைக் காட்டும், மதுரைக்கு 625. கடைசி மூன்றும் பட்டுவாடா செய்யும் அஞ்சலகத்தைச் சொல்லும். மதுரை தலைமை அஞ்சலகம் 625001, பல்கலை நகர் 625021, மேலூர் 625106, உசிலம்பட்டி 625532, திருமங்கலம் 625706.

625இல் தொடங்குவதெல்லாம் மதுரை மாவட்டம் என்று கணக்குப் போட்டுவிடக் கூடாது. தேனி மாவட்டம் 1996இல் மதுரையிலிருந்து பிரிந்தபோது வருவாய் எல்லைகள் மாறின, பின்கோடு மாறவில்லை. தேனி இன்றும் 625531தான். எனவே மாவட்டப் பெயரைப் பின்கோடைப் பார்த்து ஊகித்து நிரப்பாமல், தனியாகக் கேட்டு எழுத வேண்டும்.

எழுத்துரு

டி.டி.பி. சென்டரில் பல வருடங்களுக்கு முன் தட்டி வைத்த பழைய பட்டியல் கையில் இருந்தால், அது எந்த எழுத்துருவில் இருக்கிறது என்று முதலில் பார்க்க வேண்டும். பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் திரையில் தமிழாகத் தெரிவது கணினிக்குள் ரோமன் எழுத்துகளாகவே இருக்கும். பாமினியில் ‘மதுரை’ என்பது உள்ளே கே, ஜே, ஐ, யூ என்ற நான்கு எழுத்துகள். சீட்டில் எழுத்துருவை நிர்ணயிப்பது எக்செல் அல்ல, வேர்டு ஆவணம்தான். அங்கே லதா, நிர்மலா போன்ற யூனிகோடு எழுத்துரு போட்டிருந்தால் பாமினிப் பட்டியல் அப்படியே பொருளற்ற ரோமன் எழுத்துகளாக அச்சாகும். இன்னும் மோசம், பட்டியலில் பாதி பாமினி, பாதி யூனிகோடு என்று கலந்திருப்பது. என்.எச்.எம். கன்வர்ட்டர் போன்ற மாற்றியில் போட்டு எல்லாவற்றையும் யூனிகோடாக்கிவிட வேண்டும். யூனிகோடில் தமிழ் 1991இலேயே, முதல் பதிப்பிலேயே இடம்பெற்றுவிட்டது. புதிதாகத் தட்டுபவர்களுக்கு 1999இல் சென்னை மாநாட்டில் உருவான தமிழ்99 விசைப்பலகை கைக்கு எளிது.

மாற்றிய பிறகு ஒரு முறை கண்ணால் படித்துப் பார்ப்பது கட்டாயம். மாற்றிக்கு ரோமன் எழுத்தில் இருந்த ‘எம்.ஏ.’ பட்டமும் பாமினியாகவே தெரியும். அதையும் ஏதோ இரண்டு தமிழ் எழுத்தாக்கிவிடும்.

வேர்டில் தமிழ் எழுத்தின் அளவை மாற்றும்போது எண்கள் மட்டும் பெரிதாகி, தமிழ் அப்படியே நிற்பதைப் பலர் பார்த்திருப்பார்கள். தமிழை வேர்டு ‘காம்ப்ளெக்ஸ் ஸ்கிரிப்ட்’ என்ற தனி வகையில் வைத்திருக்கிறது. எழுத்துருப் பெட்டியை முழுதாகத் திறந்தால் அந்த வகைக்கென்று தனி எழுத்துருவும் தனி அளவும் கொடுக்க இடம் இருக்கும். லிப்ரே ஆபீஸில் அதன் பெயர் சி.டி.எல். எழுத்துரு. இரண்டு இடத்திலும் ஒரே அளவைக் கொடுத்தால் கதவு எண்ணும் தெருப் பெயரும் ஒத்து நிற்கும்.

தாளும் அளவும்

ஸ்டேஷனரிக் கடையில் ‘ஏ4 லேபிள்’ என்று கேட்டால் 24, 21, 16 என்று எண்ணிக்கை சொல்லிக் கேட்பார்கள். 24 என்பது குறுக்கே மூன்று, கீழே எட்டு. ஒவ்வொரு சீட்டும் சுமார் 64 மி.மீ. அகலம், 34 மி.மீ. உயரம். 21 என்றால் அகலம் அதேதான், உயரம் 38 மி.மீ. 16 என்றால் 99 மி.மீ. அகலம், 34 மி.மீ. உயரம்.

தமிழ் முகவரிக்கு 16தான் வசதி. ‘தெற்கு ஆவணி மூல வீதி’ என்ற பெயர் ஒரே வரியில் தாராளமாக அடங்கும். 24 வாங்கினால் கணக்குப் பார்த்துத்தான் வேலை செய்ய வேண்டும். 34 மி.மீ. என்பது சுமார் 96 பாயின்ட். தமிழ் எழுத்துக்கு மேலும் கீழும் இடம் வேண்டியிருப்பதால், 10 பாயின்ட் அளவில் ஒரு வரி ஏறக்குறைய 14 பாயின்ட் உயரத்தைப் பிடிக்கும். ஆறு வரி அடங்கும், ஏழாவது அடங்காது. சீட்டின் உயரத்தை வேர்டு மாறாத அளவாகப் பூட்டி வைத்திருப்பதால், மிஞ்சும் வரி அடுத்த சீட்டுக்கும் போகாது, வெட்டப்பட்டு மறைந்துவிடும். மறைவது கடைசி வரி. பின்கோடு இருப்பதும் கடைசி வரியில்தான். அதனால் பட்டியலிலேயே மிக நீளமான முகவரி எது என்று தேடி, அதைச் சீட்டில் போட்டுப் பார்த்த பிறகே எழுத்தின் அளவை முடிவு செய்ய வேண்டும்.

வேர்டில் ‘மெயிலிங்ஸ்’ பட்டையைத் திறந்து, ‘ஸ்டார்ட் மெயில் மெர்ஜ்’ கீழே ‘லேபிள்ஸ்’ என்பதைத் தேர்ந்தெடுத்தால் நிறுவனப் பெயர்களின் பட்டியல் வரும். நம் ஊர்க் கடையில் கிடைக்கும் தாளின் பெயர் அதில் இல்லாவிட்டால் கவலை வேண்டாம். ‘எவெரி ஏ4/ஏ5’ என்ற பிரிவில் எல்7159 என்றால் 24, எல்7160 என்றால் 21, எல்7162 என்றால் 16. பின்னால் பசை தடவி, உரித்து ஒட்டும் சீட்டை 1935இல் லாஸ் ஏஞ்சலஸில் வணிகமாக்கிய ஸ்டான் எவெரியின் நிறுவனம் அது. அதன் அளவுகளே பல நாடுகளில் வழக்கமாகிவிட்டன. வாங்கிய தாளின் அளவு வேறாக இருந்தால் ‘நியூ லேபிள்’ பகுதியில் அளவுகோலால் அளந்து கொடுக்கலாம். கணக்கு எளிது. ஏ4 தாளின் உயரம் 297 மி.மீ.; 33.9 மி.மீ. உயரச் சீட்டுகள் எட்டு என்றால் 271.2, மீதி 25.8இல் பாதி, அதாவது 12.9 மி.மீ., மேல் ஓரம்.

‘எவெரி யு.எஸ். லெட்டர்’ என்ற பிரிவும் அருகிலேயே இருக்கும். அதைத் தொடக் கூடாது. அமெரிக்க லெட்டர் தாள் ஏ4ஐவிடச் சுமார் 18 மி.மீ. குட்டை. தாளின் உச்சியில் சரியாகத் தொடங்கும் முகவரிகள் கீழே போகப் போக இரண்டு சீட்டுகளின் நடுக்கோட்டில் ஏறி நிற்பதற்கு இதுவே பெரும்பாலும் காரணம்.

அடுத்து ‘செலக்ட் ரெசிப்பியன்ட்ஸ்’ வழியாக எக்செல் கோப்பை இணைக்க வேண்டும். ‘எடிட் ரெசிப்பியன்ட் லிஸ்ட்’ பகுதியில் ‘தபால்’ என்று உள்ளவற்றை மட்டும் வடிகட்டி, பின்கோடு வரிசையில் அடுக்கலாம். இப்படி அடுக்கி அச்சிட்டால், ஒட்டி முடித்த உறைகள் தாமாகவே அஞ்சலகவாரியாகக் கட்டுக் கட்டாகச் சேர்ந்துவிடும். அஞ்சலகத்தில் பிரிப்பவருக்கு அது பெரிய உதவி.

முதல் சீட்டில் மட்டும் கட்டங்களை ஒவ்வொன்றாகச் செருக வேண்டும். மரியாதையும் பெயரும் ஒரு வரி, கதவு எண்ணும் தெருவும் ஒரு வரி, பகுதி அல்லது ஊர் ஒரு வரி, ‘வழி’ ஒரு வரி, வட்டமும் மாவட்டமும் பின்கோடும் கடைசி வரி. சிலருக்கு ‘வழி’ இருக்காது. ஒரு பத்தியில் அந்தக் கட்டம் மட்டும் தனியாக இருந்தால், காலியாக உள்ளவர்களுக்கு வேர்டு அந்த வரியையே நீக்கிவிடும். கட்டத்துக்கு முன்னால் ‘வழி:’ என்று நாமே தட்டி வைத்தால் நீக்காது. வெறும் ‘வழி:’ அச்சாகும். அந்தச் சொல்லையும் எக்செல்லிலேயே சேர்த்து எழுதிவிடுவது மேல். பின்கோடை மட்டும் தடித்த எழுத்தில் ஒரு பாயின்ட் பெரிதாக வைக்கலாம். தபாலைப் பிரிப்பவரின் கண் முதலில் போவது அங்கேதான்.

பிறகு ‘அப்டேட் லேபிள்ஸ்’ பொத்தான். இதை மறந்தால் முதல் சீட்டில் மட்டும் முகவரி இருக்கும், மற்ற 23லும் ‘அடுத்த பதிவு’ என்ற கட்டளை மட்டுமே இருக்கும். 240 பேர் பட்டியலுக்குப் பத்துத் தாள் வெளிவரும், தாளுக்கு ஒரே ஒரு முகவரியோடு: 1ஆம் ஆள், 25ஆம் ஆள், 49ஆம் ஆள். கடைசியாக ‘ஃபினிஷ் அண்ட் மெர்ஜ்’ போய், நேரே அச்சிடாமல் ‘எடிட் இண்டிவிஜுவல் டாக்குமென்ட்ஸ்’ தேர்ந்தெடுத்தால் எல்லாச் சீட்டும் ஒரே ஆவணமாகத் திறக்கும். வீட்டுப் பெரியவர் ஒருவரிடம் அதைப் படிக்கக் கொடுக்க வேண்டிய நேரம் இதுதான். லிப்ரே ஆபீஸில் ‘நியூ’ பட்டியலில் உள்ள ‘லேபிள்ஸ்’ அதே வேலையைச் செய்யும். அங்கே ‘சிங்க்ரொனைஸ் கன்டென்ட்ஸ்’ என்ற கட்டத்தை டிக் செய்துவிட வேண்டும்.

அச்சும் ஒட்டும்

முதல் தாளைச் சாதாரணக் காகிதத்தில் அச்சிட்டு, லேபிள் தாளின் மேல் வைத்து ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்தால் எழுத்து கட்டத்துக்குள் விழுகிறதா என்று தெரிந்துவிடும். அச்சுப் பெட்டியில் ‘ஃபிட் டு பேஜ்’ இருந்தால் எடுத்துவிட்டு 100 சதவீதம் என்று வைக்க வேண்டும். மூன்று, நான்கு சீட்டை உரித்தெடுத்த தாளை லேசர் பிரிண்டரில் மறுபடி விடவே கூடாது. உள்ளே உள்ள சூட்டில் சீட்டு பெயர்ந்து டிரம்மில் ஒட்டிக்கொண்டால் பழுதுச் செலவு நூறு பத்திரிகைத் தபால் செலவை மிஞ்சும். இங்க்ஜெட்டில் அந்தப் பயம் இல்லை, ஆனால் ஐப்பசி, கார்த்திகை மழையில் மை கலையும். உறையின் நான்கு மூலையிலும் மஞ்சள் தடவுபவர்கள் அது நன்றாகக் காய்ந்த பிறகே சீட்டை ஒட்ட வேண்டும்.

லேபிள் தாள் வாங்காமலும் வேலையை முடிக்கலாம். அதே 24 கட்ட அமைப்பைச் சாதாரண ஏ4 தாளில் அச்சிட்டு, பக்கத்து அச்சகத்தில் கட்டிங் மெஷினில் வெட்டி வாங்கி, மைதாப் பசையால் ஒட்டலாம். செலவு குறையும், கை வேலை கூடும். நான்கு பேர் உட்கார்ந்தால் ஓர் இரவில் முடிந்துவிடும். பளபளக்கும் சிவப்பு, தங்க நிற உறைகளில் பேனா எழுத்து நிற்காது, நின்றாலும் தெரியாது. அவற்றுக்கு வெள்ளைச் சீட்டு எந்த வகையிலும் நல்லது. உறையின் நீளவாக்கில், வலப் பாதியில், மேலே தபால்தலைக்கு இடம் விட்டு ஒட்ட வேண்டும். மும்பை, டெல்லி முகவரிகளையும் வெளிநாட்டு முகவரிகளையும் ஆங்கிலத்தில் தனிக் கோப்பாக வைத்துக்கொண்டால் இரண்டு மொழியும் ஒரே தாளில் மோதிக்கொள்ளாது.

தபாலில் சேர்த்த சில வாரங்களில் சில உறைகள் திரும்பி வரும். வீடு மாறியவர், முகவரி போதாதது, ஆளே இல்லாதது என்று தபால்காரர் உறையின் மேல் காரணம் எழுதியிருப்பார். அந்த உறைகளைக் கல்யாணக் களேபரத்தில் எங்கோ போட்டுவிடாமல், மண்டபத்திலிருந்து வந்த புதிய மொய்ப் பட்டியலோடு சேர்த்து வைக்க வேண்டும். எக்செல் கோப்பில் ‘திரும்பியது’ என்று ஒரு கட்டம் சேர்த்து, தேதியும் காரணமும் பதிய வேண்டும். திரும்பி வந்த உறைக்கு உரியவர் மொய்ப் பட்டியலில் இருந்தால் அவர் எப்படியோ கேள்விப்பட்டு வந்திருக்கிறார் என்று பொருள். புது முகவரியை அவரிடம் போனில் கேட்டு அன்றே திருத்திவிடலாம்; பத்திரிகை கைக்கு வராமலே வந்தவரிடம் அந்த போனில் ஒரு வார்த்தை வருத்தமும் சொல்லிவிடலாம்.